அரபு வசந்தம்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010 கடைசியில் துனீசியாவில் தொடங்கி அரபு நாடுகள் முழுக்கப் பரவிய மக்கள் எழுச்சியைப் பற்றி உயர்தர அரசறிவியல் வகுப்பில் பிள்ளைகள் கேட்டவை, வகுப்பு விடும்வரை வாசலில் நிற்கிற பெற்றோர் கேட்டவை, வளைகுடாவில் உழைத்துவிட்டு வந்த கிண்ணியா, மூதூர்க்காரர் கேட்டவை எல்லாம் இங்கே கலந்து கிடக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் இருக்கிறது, அதை ஒளிக்கவில்லை.

ஒரு மரக்கறி வியாபாரி தீக்குளிச்சதுக்கு ஒரு அரசாங்கமே விழுமா சேர்?

அவர் பெயர் முகமது புவாசிசி. வயது 26. துனீசியாவின் உட்பகுதியில் சிடி பூசிட் என்ற சிறிய நகரத்தில் தள்ளுவண்டியில் பழமும் மரக்கறியும் விற்றவர். 2010 டிசம்பர் 17ஆம் திகதி காலை உள்ளூர் அதிகாரிகள் வண்டியை மறித்துத் தராசையும் பொருட்களையும் பறித்தார்கள். ஆளுநர் அலுவலகத்துக்கு முறையிடப் போனார். யாரும் காது கொடுக்கவில்லை. அந்த அலுவலகத்துக்கு முன்னாலேயே தீக்குளித்தார். 2011 ஜனவரி 4ஆம் திகதி ஆஸ்பத்திரியில் இறந்தார். அடுத்த பத்தாம் நாள், ஜனவரி 14, 23 வருடம் ஆண்ட ஜனாதிபதி பென் அலி சவூதி அரேபியாவுக்கு விமானம் ஏறிவிட்டார்.

பெண் அதிகாரி ஒருவர் அவரைக் கன்னத்தில் அறைந்தார் என்ற கதையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அந்த அதிகாரி அதை மறுத்தார். 2011 ஏப்ரலில் விடுதலையும் ஆனார். அறை விழுந்ததோ இல்லையோ, சனம் அதை உடனே நம்பியது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். தராசைப் பறிகொடுப்பது, அலுவலகத்தில் கால்கடுக்க நிற்பது, கேட்ட கேள்விக்குப் பதிலே வராமல் திரும்புவது எல்லாம் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு தெரிந்த அனுபவம்.

இன்னொன்று. துனீசியா அன்றைக்குத்தான் கண் விழிக்கவில்லை. 2008இல் கஃப்சா பகுதியின் பொஸ்பேற் சுரங்க ஊர்களில் வேலை நியமன மோசடிக்கு எதிராக மாதக்கணக்காகப் போராட்டம் நடந்தது. அரசாங்கம் அதை நசுக்கியது. வெளியுலகுக்குத் தெரியவே இல்லை. 2010இல் சிடி பூசிட்டில் உறவினரும் ஊராரும் கைபேசியில் எடுத்த காட்சிகள் அல் ஜசீரா தொலைக்காட்சிக்குப் போயின. அதோடு, நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த யூஜிடிடி என்ற தொழிற்சங்கச் சம்மேளனத்தின் உள்ளூர்க் கிளைகள், தலைமையின் உத்தரவுக்குக் காத்திராமல் தெருவில் இறங்கின. ஒரு மரணம் நாடு தழுவிய வேலைநிறுத்தமாக மாறியது இப்படித்தான்.

எந்தெந்த நாடு, என்ன முடிவு எண்டு சுருக்கமாச் சொல்லுங்கோ.

துனீசியாவில் பென் அலி 2011 ஜனவரி 14இல் ஓடினார். எகிப்தில் 30 வருடம் ஆண்ட ஹொஸ்னி முபாரக் பெப்ரவரி 11இல் விலகினார். லிபியாவில் 1969இல் இருந்து ஆண்ட கடாபி ஒக்டோபர் 20இல் சிர்தே நகரில் கொல்லப்பட்டார். யேமனில் அலி அப்துல்லா சாலே 2012 பெப்ரவரியில் பதவியைக் கைமாற்றினார். பஹ்ரைனில் எழுச்சி அடக்கப்பட்டது. சிரியாவில் போர். மொரோக்கோவில் மன்னர் முந்திக்கொண்டு அதே வருடம் ஜூலையில் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்து தப்பித்தார். சவூதி மன்னர் சம்பள உயர்வு, வீடமைப்பு என்று பெரும் பணத்தை இறைத்து வாயை அடைத்தார்.

சூடான், அல்ஜீரியா, ஈராக், லெபனான் ஆகிய நாடுகளின் முறை 2018, 2019இல் வந்தது.

பாண் விலை கூடினதாலதான் இதெல்லாம் வந்தது எண்டு அப்பா சொல்றார்.

அப்பா சொல்வதில் பாதி சரி. 2010 ஓகஸ்டில் வரட்சியும் காட்டுத் தீயும் விளைச்சலை அழித்ததால் ரஷ்யா கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. உலகச் சந்தையில் உணவு விலை ஏறிக்கொண்டே போய் 2011 பெப்ரவரியில் உச்சத்தைத் தொட்டது. எகிப்து உலகிலேயே அதிகம் கோதுமை வாங்குகிற நாடு. அங்கே ஏழைகளின் உணவு அரசாங்கம் மானியம் கொடுக்கிற ரொட்டி. கெய்ரோவில் எழுந்த முதல் கோஷத்தில் ரொட்டிதான் முதலில் வந்தது: ரொட்டி, சுதந்திரம், சமூக நீதி.

சீனக்குடாவில் பிரிமா மா ஆலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதினமான சங்கதி இல்லை. கடல் கடந்து கோதுமைக் கப்பல் வந்தால்தான் இங்கே பேக்கரி அடுப்பு எரியும். எங்கோ ஒரு நாட்டில் மழை பொய்த்தால் மட்டக்களப்பிலும் பாண் விலை ஏறும்.

மற்றப் பாதி என்னவென்றால், விலை எல்லா நாட்டிலும்தான் ஏறியது. எல்லா நாடும் எழும்பவில்லை. எகிப்தில் 1977இலும் துனீசியாவில் 1984இலும் ரொட்டி விலையால் கலவரம் வந்தது. இரண்டு அரசாங்கமும் விலையைக் குறைத்தன, சனம் வீட்டுக்குப் போனது. இலங்கையில் 1953இல் அரிசி விலையால் வந்த ஹர்த்தாலுக்குப் பிறகு டட்லி சேனநாயக்க பதவி விலகினார், ஆனால் ஆட்சி அதே கட்சியிடம்தான் இருந்தது. 2011இல் விலையைக் குறைத்தாலும் போக மாட்டோம் என்று சனம் நின்றது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த ஒரு தலைமுறை, ஆட்சியாளர் வீட்டு மருமக்களும் மைத்துனர்களும் வங்கியும் விமான நிறுவனமும் வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்தக் கோபத்துக்கு மானியம் மருந்தாகவில்லை.

பேஸ்புக்தானே புரட்சியைச் செய்தது?

இல்லை. ஆனால் உதவியது. அலெக்சாண்ட்ரியாவில் 2010 ஜூனில் காலித் சயீத் என்ற இளைஞர் பொலிஸார் அடித்ததில் இறந்தார். அவர் பெயரில் தொடங்கிய பேஸ்புக் பக்கம்தான் 2011 ஜனவரி 25ஆம் திகதிக்கு ஆட்களைக் கூப்பிட்டது. அது உண்மை. ஜனவரி 28 அதிகாலையில் முபாரக் அரசாங்கம் நாட்டின் இணையத்தையே துண்டித்தது. அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன நடக்கிறது என்று பார்க்க வெளியே வந்தார்கள். பள்ளிவாசல்களில் தொழுகை முடிந்த கூட்டமும் சேர்ந்தது. கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கம் நிரம்பியது அந்த நாளில்தான். நம் நாட்டிலும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்களை மூடிப் பார்த்தார்கள். ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

பேஸ்புக் பேச்சில் மறைந்துபோகிறவர்கள் தொழிலாளர்கள். எகிப்தில் மஹல்லா நகர நெசவாலைத் தொழிலாளர் 2006இல் இருந்தே வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள். முபாரக்கின் கடைசி நாட்களில் தொழிற்சாலைகளிலும் போக்குவரத்திலும் வேலைநிறுத்தம் பரவியபோதுதான் இராணுவத் தளபதிகள் அவரைக் கைவிட்டார்கள்.

ஒரு நாட்டில ஒரு மாதத்தில முடிஞ்சுது, சிரியாவில பதின்மூண்டு வருசம் ஆச்சு. ஏன் இந்த வித்தியாசம்?

எனக்கு இந்தப் பாடத்தில் முக்கியமாகப் படுகிற கேள்வி இதுதான். கூட்டத்தின் அளவைப் பார்த்து இதற்கு விடை கிடைக்காது. துவக்கு வைத்திருந்தவன் யாருடைய ஆள், சுடச் சொன்னபோது என்ன செய்தான் என்று பாருங்கள்.

துனீசிய இராணுவம் சிறியது. பென் அலி அதை நம்பாமல் பொலிஸைத்தான் ஊதிப் பெருக்கி வைத்திருந்தார். பொலிஸ் களைத்தபோது அவரைக் காப்பாற்ற இராணுவம் முன்வரவில்லை. எகிப்து இராணுவத்துக்குச் சொந்தமாகத் தொழிற்சாலைகள், காணிகள், வியாபாரங்கள் இருந்தன. முபாரக் தன் மகனைக் கொண்டுவருவதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவரைப் பலிகொடுத்துத் தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். யேமனில் 2011 மார்ச் 18ஆம் திகதி சனாவில் தொழுகை முடித்த கூட்டத்தின்மேல் கூரைகளில் இருந்து சுட்டதில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து பெரிய தளபதி ஒருவர், அலி மொஹ்சின், தன் படையோடு மறுபக்கம் போனார். இராணுவம் இரண்டாகப் பிளந்தது, நாடும் பிளந்தது. லிபியாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

சிரியாவில் தெற்கே தரா என்ற ஊரில் பள்ளிப் பையன்கள் சுவரில் ஆட்சிக்கு எதிராக எழுதினார்கள். அவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். கேட்கப்போன பெற்றோரை அவமானப்படுத்தி அனுப்பினார்கள். 2011 மார்ச்சில் ஊர் எழும்பியது, சுட்டார்கள். அங்கே முக்கியமான படைப்பிரிவுகளின் தலைமை, ஆட்சியாளரின் சொந்தச் சமூகமான, சிறுபான்மை அலவிகளின் கையில் இருந்தது. ஒரு பிரிவு ஜனாதிபதி பஷார் அல் அசாத்தின் தம்பி மாஹிரின் பொறுப்பில். ஆட்சி விழுந்தால் தங்கள் சமூகமே அழியும் என்ற பயத்தை அவர்களுக்குள் வளர்த்துவிட்டிருந்தார்கள். சுட மறுத்த சாதாரணச் சிப்பாய்கள் தனியாகத் தப்பி ஓடினார்கள். அவர்கள் ஆயுதம் எடுத்தபோது அது போராகிவிட்டது. பிறகு அசாத்துக்குத் துணையாக ஈரான், லெபனானின் ஹிஸ்புல்லா ஆயுதக்குழு, 2015 செப்டம்பரில் ரஷ்ய விமானங்கள்.

ஒரு இனத்தவரே நிறைந்த இராணுவம் எந்தக் கூட்டத்துக்கு முன்னால் பொறுமையாக நிற்கும், எந்தக் கூட்டத்துக்கு முன்னால் நிற்காது என்பதைத் திருகோணமலையில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்தக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட படையினர் 2019இல் சான்று போதாது என்று விடுவிக்கப்பட்டார்கள்.

நான் அந்த நேரம் பஹ்ரைன்ல வேலை செஞ்ச நான். அங்கயும் சனம் எழும்பினது. அதப் பத்தி ஒருத்தரும் கதைக்கிறதில்லையே, ஏன்?

மூதூரில் இருந்து வந்த கேள்வி. ஏனென்றால் அது தோற்றது, தோற்கடித்தவர்கள் எல்லோருக்கும் வேண்டியவர்கள். 2011 பெப்ரவரி 14ஆம் திகதி எழுச்சி தொடங்கியது, அடுத்த நாள் தலைநகர் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் கூடாரம் போட்டார்கள். நாட்டில் ஷியா மக்கள் அதிகம். ஆள்வது சுன்னி அரச குடும்பம். பாதுகாப்புப் படையில் ஷியாக்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. பாகிஸ்தான், யேமன், ஜோர்தான் போன்ற நாடுகளில் இருந்து ஆள் எடுத்திருந்தார்கள். வெளியூர்ச் சிப்பாய்க்கு எதிரே நிற்கிற கூட்டத்தில் அண்ணனும் இல்லை, மச்சானும் இல்லை. மார்ச் 14ஆம் திகதி சவூதிப் படை இரு நாட்டையும் இணைக்கிற பாலத்தைக் கடந்து உள்ளே வந்தது. அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவின் தளமும் அதே தீவில்தான் இருக்கிறது. வொஷிங்டன் கவலை தெரிவித்ததோடு நின்றுகொண்டது.

மார்ச் 18ஆம் திகதி சதுக்கத்தின் நடுவில் நின்ற முத்துச் சின்னத்தையே இடித்துவிட்டார்கள். அந்தப் படம் போட்ட 500 பில்ஸ் நாணயமும் புழக்கத்தில் இருந்து போனது. இடிக்கும்போது கொங்கிறீட் விழுந்து பாரந்தூக்கி ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் செத்தார். யாருடைய புரட்சியோ, யாருடைய அரண்மனையோ. இடிபாட்டில் போனது பிழைக்கப்போன மனுசனின் உயிர்.

எகிப்தில சனம் வெண்டபிறகும் ஏன் திரும்ப இராணுவம் வந்தது?

இராணுவம் போகவே இல்லை. முபாரக் விலகியதும் ஆட்சியை எடுத்தது இராணுவ உயர் சபை. 2012 ஜூனில் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் முகமது முர்சி தேர்தலில் மயிரிழையில் வென்றார், 51 வீதத்துக்குச் சற்றுக் கூட. அந்த மெல்லிய வெற்றியை வைத்துக்கொண்டு நவம்பரில் தன் ஆணைகளை நீதிமன்றம் கேள்வி கேட்கக்கூடாது என்று அறிவித்தார். எதிர்த்தவர்கள் 2013 ஜூன் 30ஆம் திகதி திரண்டார்கள். ஜூலை 3ஆம் திகதி தளபதி அப்துல் ஃபத்தா சிசி அவரைக் கவிழ்த்தார். சதுக்கத்தில் வாணவேடிக்கை. ஓகஸ்ட் 14ஆம் திகதி கெய்ரோவின் ராபா சதுக்கத்தில் முர்சி ஆதரவாளரின் கூடாரங்களை அகற்றும்போது, மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் கணக்குப்படி, ஒரே நாளில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டார்கள்.

இராணுவத்தைக் கைதட்டி வரவேற்ற தாராளவாத இளைஞர்களையும் அதே இராணுவம் சில மாதங்களில் உள்ளே போட்டது. எனக்கு அவர்கள்மேல் அனுதாபம் உண்டு, ஆனால் மன்னிக்க முடியாத குருட்டுத்தனம் அது.

பெண்கள் இருந்தவையா?

எல்லா இடத்திலும். யேமன் போராட்டத்தில் முன்னின்ற தவக்குல் கர்மான் 2011இல் நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எகிப்து இராணுவம் 2011 மார்ச்சில் சதுக்கத்தில் பிடித்த பெண்களைக் கன்னித்தன்மைச் சோதனை என்ற பெயரில் அவமானப்படுத்தியது. அவர்களில் ஒருவரான சமீரா இப்ராஹிம் வெட்கப்பட்டு ஒதுங்காமல் வழக்குப் போட்டார். அந்தச் சோதனைக்கு நீதிமன்றம் தடை விதித்தது.

இதெல்லாம் அமெரிக்காவின்ர சதி எண்டு வாட்ஸ்அப்பில வந்தது.

முபாரக்கின் இராணுவத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 130 கோடி டொலர் கொடுத்துக்கொண்டிருந்ததே அமெரிக்காதான். தன் ஆளைத் தானே கவிழ்க்க யாரும் சதி செய்ய மாட்டார்கள். வெளிநாட்டுக் கை வந்தது பிறகு, ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக. லிபியாவில் 2011 மார்ச் 17ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை 1973ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. இந்தியா, சீனா, ரஷ்யா, ஜேர்மனி, பிரேசில் வாக்களிக்காமல் ஒதுங்கின. பொதுமக்களைப் பாதுகாக்க என்று போன நேட்டோ விமானங்கள் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பின. கீழே அரசு என்று ஒன்றே மிஞ்சவில்லை. அதைச் சதி என்று சொன்னால் நான் பெரிதாக வாதாட மாட்டேன். சிடி பூசிட் தெருவில் இறங்கியவனைச் சதிகாரன் என்றால் வாதாடுவேன்.

2022இல கொழும்பில நடந்ததும் இதே மாதிரித்தானா? மகிந்த இங்க நேவி முகாமுக்குள்ளதானே வந்து ஒளிச்சவர்?

ஒளித்தவர்தான். 2022 மே 9ஆம் திகதி அவருடைய ஆட்கள் காலிமுகத்திடலில் போராட்டக்காரரைத் தாக்கினார்கள். நாடு கொதித்தது, அன்றே பிரதமர் பதவியை விட்டார். அடுத்த நாள் குடும்பத்தோடு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டார். செய்தி பரவியதும் ஊரடங்கு நேரத்திலும் தளத்துக்கு வெளியே ஆட்கள் கூடினார்கள். பென் அலிக்கு ஜித்தா கிடைத்தது. மகிந்தவுக்கு எங்கள் துறைமுகம்.

கூடாரம், சமையல், நூலகம், மேடை என்று காலிமுகத்திடலின் தோற்றம் தஹ்ரீரை ஒத்திருந்தது. அடிப்படை வேறு. மகிந்தவின் தம்பி, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச 2019இல் 52 வீத வாக்கோடு தெரிவானவர். கடனை அடைக்க முடியாமல், எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாடு படுத்தது. இராணுவம் சுட்டுத் தள்ளவில்லை. ஜூலை 13ஆம் திகதி அவர் மாலைதீவுக்குப் பறந்தார், 14ஆம் திகதி சிங்கப்பூரில் இருந்து விலகினார். அரசியலமைப்பு அப்படியே இருந்தது. பாராளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவுசெய்தது.

வடக்கு கிழக்கில் பலர் ஏன் விலகி நின்று பார்த்தார்கள் என்று கொழும்பு நண்பர்கள் கேட்பதுண்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் படகு கரையில் கிடந்தபோது வயிறு இங்கேயும்தான் எரிந்தது. ஆனால் இங்கே ஒரு கூட்டம் முகாம் வாசலில் கூடாரம் போட்டிருந்தால் அதே பொறுமை கிடைத்திருக்குமா என்ற சந்தேகம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. போரை நடத்தியவர்களை விலைவாசிக்காக மட்டும் விரட்டுகிறீர்களே என்ற ஆதங்கமும் இருந்தது. மே 18ஆம் திகதி காலிமுகத்திடலிலேயே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி நினைவுகூர்ந்தார்கள். அதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓகஸ்டில் சிங்கள மாணவர் தலைவர்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தபோது, 1979இல் இருந்து அந்தச் சட்டத்தின் ருசி தெரிந்தவர்கள் கசப்போடு தலையாட்டினார்கள்.

பிறகு வங்கதேசத்தில் 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி ஷேக் ஹசீனா இந்தியாவுக்கு ஓடினார். நேபாளத்தில் 2025 செப்டம்பரில் சமூக ஊடகத் தடையை எதிர்த்து எழுந்த இளைஞர்களால் பிரதமர் ஒலி விலகினார். தெற்காசியாவின் அலை என்று இவற்றைச் சேர்த்துப் படிப்பதில் பிழையில்லை.

துனீசியா மட்டுமாவது தப்பிச்சுதா?

பத்து வருடம் தப்பியது. 2014இல் நல்ல அரசியலமைப்பு. தொழிற்சங்கம் உட்பட நான்கு அமைப்புகள் கட்சிகளை மேசைக்குக் கொண்டுவந்து நாட்டை உள்நாட்டுப் போரில் இருந்து காத்ததற்காக 2015இல் நோபல் சமாதானப் பரிசு. ஆனால் வேலை வரவில்லை. சலித்துப்போன சனம் 2019இல் கைஸ் சயீத் என்ற சட்டப் பேராசிரியரைத் தெரிவுசெய்தது. 2021 ஜூலை 25ஆம் திகதி அவர் பாராளுமன்றத்தை முடக்கினார். அப்போது தெருவில் வாகன ஒலியெழுப்பிக் கொண்டாடினார்கள். 2024இல் 90 வீத வாக்கோடு மீண்டும் வந்தார். வாக்களிக்கப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சூடானில இப்ப நடக்கிற சண்டைக்கும் இதுக்கும் தொடர்பிருக்கா?

நேரடியாக. 2018 டிசம்பரில் ரொட்டி விலை மூன்று மடங்கானதும் அத்பரா நகரில் தொடங்கி, 2019 ஏப்ரல் 11ஆம் திகதி 30 வருட ஆட்சியாளர் உமர் அல் பஷீர் விழுந்தார். ஜூன் 3ஆம் திகதி கார்ட்டூமில் இராணுவத் தலைமையகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைக் கொன்று குவித்தார்கள். 2021 ஒக்டோபரில் இராணுவமும் துணைப்படையும் சேர்ந்து சிவில் ஆட்சியைக் கவிழ்த்தன. 2023 ஏப்ரலில் அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. துவக்கு இரண்டு பேர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அசாத் போனபிறகு சிரியாவில காணாமல் போன ஆக்கள் கிடைச்சினமா?

இதைக் கேட்டவர் ஒரு தாய். 2024 டிசம்பர் 8ஆம் திகதி அசாத் மொஸ்கோவுக்கு ஓடியதும் டமாஸ்கஸ் அருகே செய்த்நாயா சிறை திறந்தது. சிலர் உயிரோடு வெளியே வந்தார்கள். மற்றவர்களின் உறவினர்கள் நிலத்துக்குக் கீழே இரகசிய அறைகள் இருப்பதாக நம்பி, சீமெந்துத் தரையைக் கடப்பாரையால் உடைத்துப் பார்த்தார்கள். சிதறிக் கிடந்த பதிவேடுகளைக் கைபேசி வெளிச்சத்தில் புரட்டினார்கள். மீட்புப் பணியாளர் தேடிவிட்டு அப்படி அறை எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். காணாமல் போனவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். பெரும்பாலானோருக்கு இன்னும் பதில் இல்லை, அம்மா.

பரீட்சையில இது வந்தா எதை எழுதுறது? எல்லாரும் பிழை விடுற இடம் எது?

எல்லா நாட்டையும் அள்ளிப் போடாதீர்கள். துனீசியா, எகிப்து, சிரியா மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் இராணுவம் எடுத்த நிலைப்பாட்டை ஒப்பிட்டு எழுதினால் விடைக்கு முதுகெலும்பு வரும். ஈரானைச் சேர்க்காதீர்கள், அது அரபு நாடு இல்லை, 2009 எழுச்சி இதற்கு முந்தியது. முபாரக்கைச் சிலர் நாட்டைவிட்டு ஓடினார் என்று எழுதுகிறார்கள். அவர் எகிப்திலேயே இருந்து வழக்குகளைச் சந்தித்து 2020 பெப்ரவரியில் இறந்தார். சாலே 2012இல் விலகியவர், ஆனால் கொல்லப்பட்டது 2017 டிசம்பரில், அதற்குச் சற்று முன்வரை தன்னோடு கூட்டாளியாக இருந்த ஹூதி என்ற ஆயுதக்குழுவின் கையால். புவாசிசி பட்டதாரி என்று இணையத்தில் கிடக்கிறதை நம்பி எழுதாதீர்கள். அவர் உயர்தரப் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை.